திட்டங்கள் மாறுவதும் பார்வை மாறுவதும்

கமக்காரருக்கென்று வகுக்கப்படும் திட்டங்கள் பல. அவற்றுட் சில பலன் தருகின்றன, சில தருவதில்லை. பலன் தராத திட்டத்தை நடத்துபவர்கள் வழக்கமாகச் செய்வது என்ன? பணத்தைக் கூட்டுகிறார்கள், அல்லது குறைக்கிறார்கள். மருந்தின் பெயரை மாற்றுகிறார்கள். படிவத்தைத் திருத்துகிறார்கள். ஆனால் அந்தத் திட்டம் எந்த எண்ணத்தின் மேல் நிற்கிறதோ, அந்த எண்ணமே சரிதானா என்று கேட்பவர் மிகச் சிலரே.

இப்படிக் கேட்பது ஏன் கடினமாயிருக்கிறது, எப்பொழுது அது நிகழ்கிறது என்பதை விளக்க விஞ்ஞான வரலாற்றிலிருந்து பிறந்த ஒரு கருத்து உதவுகின்றது. அக்கருத்தையும், அது நெல் வயலிலே உண்மையாக நடந்த விதத்தையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

விஞ்ஞானம் எப்படி மாறுகிறது?

தோமஸ் கூன் என்பவர் அமெரிக்க அறிஞர். பௌதிகவியல் படித்துப் பின்னர் விஞ்ஞான வரலாற்றை ஆராய்ந்தவர். விஞ்ஞானப் புரட்சிகளின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1962இல் வெளிவந்தது. செங்கல்லின் மேல் செங்கல் அடுக்குவது போல விஞ்ஞானம் சிறிது சிறிதாக வளர்கின்றது என்றே அதுவரை பெரும்பாலானோர் எண்ணியிருந்தனர். கூன் அப்படியல்ல என்றார்.

ஒரு காலத்து விஞ்ஞானிகள் எல்லோரும் ஓர் அடிப்படைப் பார்வையைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். எதைக் கேள்வியாக எடுப்பது, எதை விடையாக ஏற்பது, எந்தக் கருவியால் அளப்பது என்பதெல்லாம் அந்தப் பார்வைக்குள் அடங்கிவிடும். இதனைத் தமிழில் கட்டளைப்படிமம் என்று எழுதுவாரும் உளர். நாம் இங்கே 'அடிப்படைப் பார்வை' என்றே சொல்வோம்.

உதாரணமாக, பூமி அசையாமல் நடுவில் நிற்கிறது, சூரியனும் கோள்களும் அதைச் சுற்றுகின்றன என்பது ஒரு பார்வை. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி இதற்கு விரிவான கணக்கு வகுத்தார். கோள்கள் சில வேளைகளில் பின்னோக்கிச் செல்வதுபோலத் தோன்றும். அதைச் சமாளிக்க வட்டத்தின் மேல் இன்னொரு சிறு வட்டம் வைத்துக் கணக்கிட்டார்கள். பிழை தெரிந்த இடமெல்லாம் ஒட்டுப் போட்டார்கள். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் இது நின்றது.

1543இல் வெளியான தமது நூலில் கொப்பர்னிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தார். அவருடைய கணக்கும் தொடக்கத்தில் பழையதைவிடப் பெரிதாகத் திருத்தமாக இருக்கவில்லை. அவரும் சிறு வட்டங்களைக் கைவிடவில்லை. 1609இல் கெப்ளர் கோள்களின் பாதை நீள்வட்டம் என்று காட்டிய பின்னரே கணக்கு நேரானது. அவ்வளவு காலமும் இரு பார்வைகளும் பக்கத்துப் பக்கத்தில் வாதாடிக்கொண்டிருந்தன.

இதிலிருந்து கூன் காட்டிய மூன்று செய்திகளை நினைவில் வைத்துக்கொள்வோம். ஒன்று: பழைய பார்வைக்குப் பொருந்தாத செய்திகள் முதலில் தென்படும்போது அவை ஒதுக்கப்படும், அல்லது ஒட்டுப் போட்டு மறைக்கப்படும். இரண்டு: அவை குவிந்து பெருகும்போதுதான் நெருக்கடி வரும். மூன்று: நெருக்கடி வந்தால் மட்டும் பழைய பார்வையைக் கைவிடமாட்டார்கள். அதன் இடத்தை எடுக்கக்கூடிய இன்னொரு பார்வை கையில் இருந்தாலே கைவிடுவார்கள். இந்த மூன்றாவது செய்தி எமக்கு மிகவும் முக்கியம்.

அரசாங்கக் கொள்கைக்கும் இது பொருந்துமா?

பீற்றர் ஹோல் என்னும் அரசறிவியல் அறிஞர் 1993இல் எழுதிய ஒரு கட்டுரையில் இக்கருத்தைக் கொள்கை வகுப்புக்குப் பொருத்திக் காட்டினார். கொள்கை மாற்றம் மூன்று படிகளில் நடக்கலாம் என்றார்.

முதலாம் படி, அளவை மாற்றுவது. அதே நோக்கம், அதே கருவி. கூட்டல் குறைத்தல் மட்டுமே. இரண்டாம் படி, கருவியை மாற்றுவது. நோக்கம் அதுவே, வழி வேறு. மூன்றாம் படி, நோக்கமும், பிரச்சினையை விளங்கிக்கொள்ளும் விதமும் மாறுவது. இந்த மூன்றாம் படியே அடிப்படைப் பார்வை மாறுவதாகும்.

ஹோல் எடுத்த உதாரணம் பிரித்தானியாவின் பொருளாதாரக் கொள்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கே எல்லோருக்கும் வேலை என்பதே முதன்மை நோக்கமாக இருந்தது. வேலையின்மை கூடினால் அரசு செலவைக் கூட்டும். விலைகள் ஏறினால் செலவைக் குறைக்கும். 1970களில் வேலையின்மையும் விலைவாசியும் ஒன்றாக ஏறின. பழைய பார்வையின்படி இது நடக்கக் கூடாத காரியம். 1975இல் விலையேற்றம் ஆண்டுக்கு 24 வீதத்தைத் தாண்டியது. அளவுகளை மாற்றினார்கள், சம்பளக் கட்டுப்பாடு போன்ற புதுக் கருவிகளைப் போட்டார்கள், சரிவரவில்லை. 1979இல் ஆட்சி மாறியபோது, விலையேற்றத்தை அடக்குவதே முதல் நோக்கம் என்ற வேறொரு பார்வை அரசுக்குள் புகுந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய பார்வை என்றால் நல்ல பார்வை என்று பொருளல்ல. பிரித்தானியாவில் 1980களில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது. பார்வை மாறும்போது யாருடைய துன்பம் கணக்கில் எடுக்கப்படுகிறது, யாருடையது விடுபடுகிறது என்பதும் சேர்ந்தே மாறுகின்றது.

இந்தோனேசிய வயல்களில் நடந்தது

பொருளாதாரக் கணக்கு தூரத்தில் உள்ளது. வயலுக்கு வருவோம். ஹோல் சொன்ன மூன்று படிகளையும் இந்தோனேசிய நெல் வயல்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் காணலாம்.

1960களில் குறுகிய காலத்தில் அதிக விளைச்சல் தரும் நெல்லினங்கள் ஆசியாவெங்கும் பரவின. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர். 8 என்ற இனத்தை வெளியிட்டது. இந்தோனேசிய அரசு விதை, உரம், கிருமிநாசினி, கடன் ஆகியவற்றை ஒரே பொதியாகக் கமக்காரருக்குக் கொடுத்தது. அந்தப் பொதிக்குப் பின்னாலிருந்த பார்வை எளிமையானது. பூச்சி பயிருக்கு எதிரி. மருந்து பூச்சியைக் கொல்லும். ஆகவே மருந்து கூடக் கூட விளைச்சல் பாதுகாப்பாயிருக்கும்.

1970களில் கபில நிறத் தத்தி என்ற சிறு பூச்சி பெருந்தொல்லையாக வந்தது. எமது கமக்காரரிற் பலர் இதை அறக்கொட்டி என்பார்கள். அது நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். வயல் வட்டம் வட்டமாகக் கபில நிறமாகிக் காய்ந்து, தீப்பற்றியது போலக் கிடக்கும். 1976, 1977 ஆண்டுகளில் இந்தோனேசியாவில் இது பல இலட்சம் ஹெக்டெயரைத் தாக்கியது. நாடு வெளியிலிருந்து பெருமளவு அரிசி வாங்க வேண்டியதாயிற்று.

அரசு என்ன செய்தது? முதலில் அளவைக் கூட்டியது. மருந்து மலிவாகக் கிடைக்க மானியத்தை உயர்த்தியது. 1980களின் நடுப்பகுதியில் மருந்து விலையில் ஏறத்தாழ 80 வீதத்தை அரசே செலுத்தியது. இதற்கு ஆண்டுதோறும் 10 கோடி டொலருக்கு மேல் சென்றது. இது முதலாம் படி.

அத்துடன் கருவியையும் மாற்றியது. தத்தியைத் தாங்கும் நெல்லினங்களைக் கொண்டுவந்தது. ஐ.ஆர். 26 வந்து சில போகங்களுக்குள் தத்தி அதனையும் தாக்கப் பழகிவிட்டது. பிறகு ஐ.ஆர். 36 வந்தது, சில ஆண்டுகள் நின்று பிடித்தது. 1984இல் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. ஆனால் 1985, 1986இல் ஜாவாத் தீவில் தத்தி மீண்டும் பெருகியது. இது இரண்டாம் படியின் முடிவு.

பொருந்தாத செய்தி எது?

மருந்து அடித்த வயலில் தத்தி குறைய வேண்டும். ஆனால் கூட அடித்த வயலிலேயே கூடத் தத்தி காணப்பட்டது. பழைய பார்வைக்குப் பொருந்தாத செய்தி இதுதான். 'மருந்து சரியாக அடிக்கவில்லை', 'நேரம் பிந்திவிட்டது', 'கமக்காரருக்கு விளக்கம் போதாது' என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். எவையும் ஒட்டுகளே.

பீற்றர் கென்மோர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் வயல்களிலே இதை ஆராய்ந்தார். விளக்கம் வயலிலேயே இருந்தது. தத்தி தன் முட்டைகளை நெல்லின் இலைமடலுக்குள்ளே, சதைப்பகுதியில் இடுகின்றது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே எட்டுவதில்லை. ஆனால் அதே மருந்து தண்டில் திரியும் சிலந்திகளையும், தத்தியின் முட்டையைத் தேடி உறிஞ்சிக் குடிக்கும் சிறிய பச்சைப் பூச்சியையும், தண்ணீரின் மேல் ஓடித்திரிந்து கீழே விழும் குஞ்சுகளைப் பிடிக்கும் பூச்சிகளையும் கொன்றுவிடுகிறது. சில நாட்களில் முட்டைகள் பொரிக்கும். அப்பொழுது வயலில் குஞ்சுகளைத் தின்ன எவருமில்லை. ஒரு பெண் தத்தி நூற்றுக்கணக்கில் முட்டையிடக்கூடியது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். மீதியை நீங்களே கணக்கிடலாம்.

இப்போது பார்வை தலைகீழாகிறது. வயல் என்பது பயிரும் எதிரியும் மட்டும் உள்ள இடமல்ல. தத்தியைத் தின்னும் உயிர்களும் அங்கே குடியிருக்கின்றன. அவையே பயிருக்குக் காவல். தத்தியை அழிக்கும் மருந்து எது என்பது பழைய கேள்வி. காவலைக் கெடுக்காமல் எப்படிக் கமம் செய்வது என்பது புதிய கேள்வி. இது மூன்றாம் படி.

சான்று இருந்தும் ஏன் தாமதம்?

இந்த விளக்கம் 1980களின் தொடக்கத்திலேயே விஞ்ஞானிகளுக்குத் தெரிந்திருந்தது. இந்தோனேசியாவிலும் இடா நியோமான் ஓக்கா போன்ற பூச்சியியலாளர்கள் இதை எடுத்துரைத்தனர். எனினும் கொள்கை உடனே மாறவில்லை.

விஞ்ஞானத்துக்கும் அரசாங்கக் கொள்கைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. மருந்தைச் செய்வோர், விற்போர், மானியத்தைப் பங்கிடுவோர், மருந்து அடிக்கும்படி ஆண்டுக்கணக்காகப் போதித்து வந்த உத்தியோகத்தர் எல்லோருடைய வருமானமும் மதிப்பும் பழைய பார்வையோடு கட்டுண்டு கிடந்தன. கொள்கை மாற, சரியான விளக்கத்துடன் வேறு சிலவும் கூடிவர வேண்டியிருந்தது. 1986இல் அவை கூடிவந்தன. பெருமையோடு அடைந்த தன்னிறைவு தத்தியால் ஆபத்துக்குள்ளானது. அதே ஆண்டில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை வீழ்ந்தது. எண்ணெய் விற்று வாழ்ந்த அரசுக்கு மருந்து மானியம் பெருஞ்சுமையாகத் தெரிந்தது.

1986 நவம்பரில் நெல்லுக்கு அடிக்கும் 57 வகைக் கிருமிநாசினிகள் சனாதிபதியின் கட்டளையால் தடைசெய்யப்பட்டன. மானியம் ஒரேநாளில் நிறுத்தப்படவில்லை. படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989 தொடக்கத்தில் முற்றாக நீங்கியது. நெல்லுக்கு அடித்த கிருமிநாசினி பாதிக்கும் கீழே இறங்கியது. நெல் உற்பத்தி குறையவில்லை; கூடியது.

கட்டளை மட்டும் போதுமா?

போதாது. தலைநகரில் பார்வை மாறினாலும், வயலில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாவிட்டால் பழைய பழக்கமே நிற்கும். பூச்சியைக் கண்டால் கை தெளிகருவியைத் தேடும். ஆகவே 1989இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் உதவியுடன் வயற் பள்ளிகள் தொடங்கப்பட்டன.

ஏறத்தாழ 25 கமக்காரர் ஒரு குழு. விதைப்புக் காலந்தொட்டு அறுவடை வரை கிழமைக்கு ஒரு நாள் காலையில் வயலில் கூடுவார்கள். நெற்பயிரைப் பிரித்துப் பார்த்து, தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணுவார்கள். நிழலில் இருந்து, பயிரையும் பூச்சிகளையும் பெரிய தாளில் வரைவார்கள். அந்தக் கிழமை என்ன செய்வது என்று வாதாடித் தாங்களே முடிவெடுப்பார்கள்.

அங்கே செய்த ஒரு சோதனை மிக எளியது. இரண்டு நெற்செடிகளை வலைத்துணியால் மூடுவார்கள். இரண்டிலும் தத்தியை விடுவார்கள். ஒன்றில் மட்டும் சிலந்தியையும் விடுவார்கள். சில நாட்களில் எது வாழ்கிறது, எது வாடுகிறது என்பது கண்முன்னே தெரியும். இன்னொரு சோதனையில் இளம் பயிரின் இலைகளைக் கத்தரித்து விட்டு, பூச்சி தின்றது போல ஆக்குவார்கள். இளம் பருவத்தில் இழந்த இலையைப் பயிர் மீண்டும் வளர்த்துக்கொள்வதைக் கண்டபின், இலையில் ஓட்டை கண்டவுடன் மருந்துக்கு ஓடுவதில்லை. புத்தகம் படிக்காதவரும் இதைச் செய்யலாம், செய்தார்கள். 1990களின் முடிவுக்குள் இந்தோனேசியாவில் சுமார் 10 இலட்சம் கமக்காரர் இப்பள்ளிகளில் பயின்றனர். அயல் நாடுகளுக்கும் இம்முறை பரவியது. 1990களில் எமது நாட்டிலும் நடைபெற்றது.

ஆனால் வென்ற பார்வை என்றென்றும் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. இந்தோனேசியாவின் தேசியத் திட்டம் 1999இல் முடிந்தது. பின்னர் சந்தைக்கு வந்த மருந்து வகைகள் பெருகின, பாவனையும் பெருகியது. 2010, 2011 ஆண்டுகளில் ஜாவாவில் தத்தி மீண்டும் பெருஞ்சேதம் விளைவித்தது.

எமது நாட்டில் 2021

இதனோடு எமது நாட்டில் நடந்ததை ஒப்பிடாமல் இருக்க முடியாது. 2021 மே மாதத்தில் இரசாயன உரம், கிருமிநாசினி ஆகியவற்றின் இறக்குமதியை அரசு தடைசெய்தது. நாடு முழுவதும் சேதன விவசாயத்துக்கு மாற வேண்டும் என்றது. வெளித்தோற்றத்தில் இதுவும் பார்வை மாற்றமே. ஆனால் அந்தப் போகத்துக்கு வேண்டிய அளவு சேதனப் பசளை நாட்டில் இருக்கவில்லை. பழகிய வழியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைப்பதற்கு ஒன்றும் கையில் இல்லை. கமக்காரர் சோதித்துப் பார்க்க ஒரு போகமேனும் கொடுக்கப்படவில்லை. எதிர்ப்பு வலுத்து நவம்பரில் தடை நீக்கப்பட்டது. எனினும் 2021/22 பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது.

இரண்டு நாட்டிலும் கட்டளை மேலிருந்தே வந்தது. ஆனால் இந்தோனேசியாவில் தடைசெய்யப்பட்டது தீமை செய்வதாக வயலிலே காட்டப்பட்ட பொருள். அதன் வேலையைச் செய்யச் சிலந்தி ஏற்கெனவே வயலில் இருந்தது. மானியம் ஆறுதலாகக் குறைக்கப்பட்டது. கூன் சொன்ன மூன்றாவது செய்தியை இங்கே மீண்டும் நினைப்போம்: இடத்தை எடுக்க ஒன்று ஆயத்தமாயிராமல் பழையதைக் கைவிட முடியாது. சேதன விவசாயம் கூடாது என்பதல்ல இதன் பொருள். ஒரு நல்ல எண்ணத்தையும் அவசரக் கட்டளை கெடுத்துவிடும் என்பதே பொருள்.

இடம்பெயர்ந்தோர் பற்றிய பார்வை

நிலத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கான திட்டங்களையும் இதே மூன்று படிகளால் அளந்து பார்க்கலாம். உலர் உணவு நிவாரணத்தின் அளவைக் கூட்டுவது முதலாம் படி. உலர் உணவுக்குப் பதிலாகப் பணம், கூடாரத்துக்குப் பதிலாகத் தகரக் கொட்டில் கொடுப்பது இரண்டாம் படி. இவை வேண்டாதவை அல்ல. பசித்திருக்கும் வீட்டுக்கு முதலாம் படியும் பெரிது. ஆனால் இரண்டிலும் குடும்பம் 'பெறுபவர்' என்ற பெயரிலேயே நிற்கின்றது. இவர்கள் நிலமும் தொழிலறிவும் உரிமையும் உள்ள குடிமக்கள், தம்மைப் பற்றிய முடிவில் பங்குகொள்ள வேண்டியவர்கள் என்று ஏற்பதே மூன்றாம் படி.

உலக அளவில் இந்தப் பார்வைக்கும் ஒரு வரலாறு உண்டு. சொந்த நாட்டுக்குள்ளே இடம்பெயர்ந்தோர் பற்றிய பொறுப்பை ஐக்கிய நாடுகள் சபை 1992இல் சூடான் நாட்டவரான பிரான்சிஸ் டெங் என்பவரிடம் ஒப்படைத்தது. அவரது முயற்சியால் 1998இல் 30 வழிகாட்டிக் கோட்பாடுகள் முன்வைக்கப்பட்டன. இவை உடன்படிக்கை போல் அரசுகளைக் கட்டுப்படுத்துவன அல்ல. எனினும் 28ஆம் கோட்பாடு சொல்வது தெளிவானது: மீளத் திரும்புவதோ வேறிடத்தில் குடியேறுவதோ மக்கள் தாமாக விரும்பி, பாதுகாப்புடனும் கண்ணியத்துடனும் நடக்க வேண்டும், அதைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் அவர்கள் முழுமையாகப் பங்குபற்ற வேண்டும்.

பங்குபற்றுவதற்குக் கையிலிருக்க வேண்டியது என்ன? உங்கள் அவதானமே. பழைய பார்வைக்குப் பொருந்தாத செய்தியை முதலிற் காண்பவர் அலுவலகத்தில் இருப்பவரல்ல. எந்தக் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கருக்கு நீர் பாயும், எந்த மண்ணில் எந்த நெல் பொருந்தும், கொடுத்த விதை ஏன் முளைக்கவில்லை, கட்டிய வீட்டில் ஏன் ஆளில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றைத் திகதியோடும் அளவோடும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒருவர் சொன்னால் முறைப்பாடு என்பார்கள். இருபது குடும்பங்கள் ஒரே செய்தியை அளந்து சொன்னால் அதை ஒதுக்குவது கடினம்.

குழுவாக இருந்து சிந்திக்க

1. உங்கள் பகுதிக்கு வந்த ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த எண்ணத்தின் மேல் நிற்கின்றது? ஒரே வசனத்தில் சொல்லிப் பாருங்கள்.

2. அந்த எண்ணத்துக்குப் பொருந்தாத எதை உங்கள் வயலிலோ வளவிலோ கண்டீர்கள்? அதை எப்படி அளந்து காட்டுவீர்கள்?

3. இதுவரை செய்யப்பட்ட மாற்றங்கள் அளவை மாற்றியனவா, கருவியை மாற்றியனவா, பார்வையை மாற்றியனவா?

4. பழையதை நிறுத்தச் சொல்லுமுன், அதன் இடத்தில் வைக்க உங்களிடம் என்ன உண்டு? அதை முதலில் அரைப் பரப்பில் சோதிக்க முடியுமா?

5. பழைய பார்வை நீடிப்பதால் யாருக்கு நன்மை? அவர்களோடு யார், எப்படிப் பேசுவது?